ரிச்சர்ட் சாக்வில்லின் உடுப்பு: 1613-ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றைப் படிக்கும் விதம்

கேள்வி இதுதான்: லண்டன் கென்வுட் மாளிகையில், டார்செட் பிரபு ரிச்சர்ட் சாக்வில்லை வில்லியம் லார்கின் 1613-ல் வரைந்த முழு உருவ ஓவியம் இருக்கிறது. அதில் துணிமணி அவ்வளவு துல்லியம், முகம் மட்டும் பொம்மை முகம். அந்த ஓவியருக்கு ஆளை வரையத் தெரியாதா? அந்தப் பிரபுவுக்கு இத்தனை பகட்டு எதற்கு?

ஓவியருக்கு ஆளை வரைய நன்றாகவே தெரியும். அதற்கு ஆதாரம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். இந்தப் படத்தில் முகத்தைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். உடுப்பிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் படத்தைப் பார்த்துவிடலாம். இரண்டு பக்கமும் பளபளவென்று பட்டுத் திரைச்சீலை. மடிப்பு ஒவ்வொன்றும் தகடு அடித்தது போல விறைத்து நிற்கிறது. கீழே துருக்கிக் கம்பளம். தரையில் கிடப்பது போலத் தெரியாது, நம்மை நோக்கிச் சாய்த்துப் பிடித்த மாதிரி இருக்கும். கோலம் முழுவதும் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படி. அந்தக் காலத்து இங்கிலாந்தில் துருக்கிக் கம்பளத்தை மேஜைமேல் விரிப்பார்கள், காலடியில் போட மாட்டார்கள். அவ்வளவு விலை. இவர் அதன்மேல் செருப்புக் காலோடு நிற்கிறார். செருப்பிலும் காலை மறைக்கும் அளவுக்குப் பெரிய ரோஜாக் குஞ்சம். கழுத்துக்குப் பின்னால் விசிறி போல எழுந்து நிற்கும் லேஸ் காலர். காலுறையின் கணுக்காலில்கூடப் பூவேலை.

அப்புறம் உடம்பில் கிடக்கும் உடுப்பு. இங்கேதான் நமக்கு ஓர் அபூர்வமான வசதி கிடைக்கிறது. 1617-ல் டார்செட் பிரபுவின் உடைப் பெட்டிகளைத் திறந்து, உள்ளே இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எழுதி ஒரு ஜாபிதா எடுத்தார்கள். அது இன்றும் இருக்கிறது. அதில் வரும் ஒரு முழு செட், ஓவியத்தில் இருக்கும் உடுப்போடு அப்படியே பொருந்துகிறது. கருப்பு வெல்வெட் மேலங்கி. வெள்ளிச் சரிகைத் துணியில் கருப்பும் தங்கமுமாகப் பூவேலை நிறைந்த டப்லெட், அதாவது உடம்போடு ஒட்டிய மேற்சட்டை. கருப்புப் பட்டில் கீறல் விட்டு, உள்ளே இருக்கும் வெள்ளித் துணி எட்டிப் பார்க்கும்படி தைத்த உப்பிய அரைக்காற்சட்டை. ஆக லார்கின் தன் கற்பனையில் ஒரு பூக்கொடியைக்கூடச் சேர்க்கவில்லை. தையல்காரர் தைத்ததை அப்படியே வைத்திருக்கிறார். 400 ஆண்டுக்கு முந்தைய ஓர் ஓவியத்தையும் அதே உடையின் எழுத்துக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு வரலாற்றில் அடிக்கடி வராது.

அந்தக் காலத்தில் பிரபுக்கள் முகத்துக்காக ஓவியர் முன்னால் கொஞ்ச நேரம்தான் உட்காருவார்கள். உடைகளைப் பட்டறைக்கு அனுப்பிவிடலாம். உடையை நாள் கணக்கில் பார்த்துப் பார்த்து வரையலாம். இது ஒரு காரணம். இன்னொன்று, எலிசபெத் ராணி காலத்துப் பழக்கம். நிழல் விழாத முகம்தான் அரச முகம் என்ற எண்ணம் அன்று வேரூன்றியிருந்தது. ராணி தன்னை நிக்கலஸ் ஹில்லியார்ட் வரைந்தபோது, நிழலே விழாத தோட்டத்து வெளியில் போய் உட்கார்ந்துகொண்டதாக ஹில்லியார்டே எழுதியிருக்கிறார். லார்கின் அந்த மரபின் கடைசி வாரிசுகளில் ஒருவர். மூக்குக்குக் கீழே நிழல், கன்னத்தில் ஒளி, கண்ணில் ஈரம் என்ற நெதர்லாந்துக்காரர்களின் வித்தை இங்கிலாந்து அரசவையைப் பிடித்தது கொஞ்சம் கழித்துத்தான். பால் வான் சோமர், டேனியல் மைட்டன்ஸ் போன்றவர்கள் 1616-க்குப் பிறகு வந்து அந்த வேலையைத் தொடங்கினார்கள். 1632-ல் வான் டைக் வந்து நிலைத்த பிறகு லார்கின் பாணி பழங்கதை ஆகிவிட்டது. என்னைக் கேட்டால், வான் டைக்கின் படங்களில் பிரபுக்கள் அழகாக இருக்கிறார்கள். லார்கின் படங்களில்தான் அவர்களுடைய காலம் தெரிகிறது.

சரி, இந்த சாக்வில் யார்?

1589-ல் பிறந்தவர். ஓவியம் வரைந்தபோது வயது 24. தாத்தா தாமஸ் சாக்வில் அரசின் தலைமைப் பொருளாளர். கென்ட் பகுதியில் நோல் என்ற பிரம்மாண்ட மாளிகையைப் புதுப்பித்துக் கட்டியவர். 1608-ல் மந்திரிசபைக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோதே உயிர் போனவர். அடுத்த ஆண்டே அப்பாவும் போய்விட்டார். 1609 பிப்ரவரி 25 அன்று ரிச்சர்டுக்குக் கல்யாணம். இரண்டு நாளில் அப்பா மரணம். இருபது வயது நிறையும் முன்பே பட்டம், சொத்து, மனைவி மூன்றும் கைக்கு வந்துவிட்டன.

அவர் நுழைந்த அரசவை எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். யார் எந்தத் துணி உடுத்தலாம், எந்தத் தகுதிக்கு மேலே வெல்வெட், எந்தத் தகுதிக்கு மேலே தங்கச் சரிகை என்று பல தலைமுறையாக இங்கிலாந்தில் சட்டம் இருந்தது. முதலாம் ஜேம்ஸ் ஆட்சிக்கு வந்த மறு ஆண்டு, 1604-ல், அந்தச் சட்டங்கள் நீக்கப்பட்டன. பட்டங்களும் விலைக்கு வந்தன. 1611-ல் பேரோனெட் என்று ஒரு புதுப் பட்டத்தை உண்டாக்கி, 1,095 பவுண்டு கொடுத்தவர்களுக்கு வழங்கினார்கள். பணம் இருந்தால் எவரும் வெல்வெட் உடுத்தலாம், பட்டம் வாங்கலாம் என்று ஆனபோது, பரம்பரைப் பிரபுவுக்கு எவனும் எட்ட முடியாதபடி உடுத்தியே ஆக வேண்டிய நிலை வந்தது. அரசரோ அழகையும் உடையையும் வெகுவாகக் கவனிப்பவர். ஜார்ஜ் வில்லியர்ஸ் என்ற இளைஞர் 1614-ல் அரசர் கண்ணில் பட்டு, ஒன்பதே ஆண்டில் பக்கிங்ஹாம் கோமகன் ஆனார். அரசர் முன்னால் எப்படி நிற்கிறாய் என்பதைப் பொறுத்து வாழ்க்கையே மாறக்கூடிய இடம் அது.

1613 பிப்ரவரி 14-ல் இளவரசி எலிசபெத்துக்கும் ஜெர்மானிய இளவரசர் ஃபிரெடரிக்குக்கும் ஒயிட்ஹால் அரண்மனையில் திருமணம் நடந்தது. மூன்று மாதத்துக்கு முன்புதான் பட்டத்து இளவரசர் ஹென்றி 18 வயதில் காய்ச்சலில் இறந்திருந்தார். துக்கத்தை ஒதுக்கிவிட்டுக் கொண்டாடிய கல்யாணம். ஓவியத்தில் இருக்கும் உடுப்பு அந்தத் திருமணத்துக்குத் தைத்ததாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த நாளைப் பற்றி ஜான் சேம்பர்லின் என்ற லண்டன்வாசி எழுதிய கடிதம் இருக்கிறது. வாட்டன் சீமாட்டியின் கவுனில் பூவேலைக்கு மட்டும் கஜத்துக்கு 50 பவுண்டு செலவு, மான்டேகு பிரபு இரண்டு மகள்களின் உடைக்கு 1,500 பவுண்டு செலவழித்தார் என்று எழுதுகிறார். லண்டனில் கைதேர்ந்த தச்சர் ஒருவர் வருஷம் முழுக்க உழைத்தாலும் 20 பவுண்டு பார்ப்பது அரிதாக இருந்த காலம். ஒரு கஜப் பூவேலையில் அவருடைய இரண்டரை ஆண்டு போய்விடும்.

அந்தக் காலர் பற்றியும் ஒரு வார்த்தை. கஞ்சி போட்ட லேஸ் தானாக அப்படி எழுந்து நிற்காது. அடியில் முட்டுக் கொடுக்க ஒரு தாங்கி வேண்டும். அதற்குப் பிக்கடில் என்று பெயர். அதை விற்றே பணக்காரரான ராபர்ட் பேக்கர் என்ற தையல்காரர், லண்டனுக்கு மேற்கே வயல்வெளியில் ஒரு வீடு கட்டினார். ஊர்க்காரர்கள் அதைப் பிக்கடில்லி ஹால் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இன்று உலகமே அறிந்த பிக்கடில்லி வீதிக்குப் பெயர் வந்தது அப்படித்தான்.

இனி ஓவியர். லார்கின் 1606-ல் லண்டன் ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானார், 1619-ல் இறந்துவிட்டார். அதிகபட்சம் பதின்மூன்று ஆண்டு வேலை. அதன்பின் மூன்று நூற்றாண்டுக்கு மேல் அவருடைய ஒரு படத்தைக்கூட யாராலும் அடையாளம் காட்ட முடியவில்லை. ஒரே மாதிரித் திரைச்சீலை, ஒரே மாதிரிக் கம்பளம் என்று பல முழு உருவப் படங்கள் இருந்ததால், வரைந்தவரை ‘திரைச்சீலை ஓவியர்’ என்றே அழைத்தார்கள். முடிச்சு அவிழ்ந்த கதையில் நம் சாக்வில்லுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

எட்வர்ட் ஹெர்பர்ட் என்ற பிரபு தன் வாழ்க்கைக் கதையில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். டார்செட் பிரபு அவரைத் தன் லண்டன் மாளிகைக்கு அழைத்து, படக்கூடத்தில் ஒவ்வொரு படமாகக் காட்டிக்கொண்டே வருகிறார். கடைசியில் பச்சை டஃபெட்டாத் துணி மூடிய ஒரு சட்டத்தின் முன்னால் நிறுத்தி, “இதில் யார் இருப்பதாக நினைக்கிறீர்கள்?” என்று கேட்டுத் திரையை விலக்குகிறார். உள்ளே ஹெர்பர்ட்டின் படமே இருக்கிறது! உங்கள் வீரத்தைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டேன், அதனால் லார்கின் என்ற ஓவியர் வரைந்த உங்கள் படத்திலிருந்து ஒரு நகல் வாங்கி வைத்திருக்கிறேன் என்கிறார் டார்செட். மூலப்படம் சர் தாமஸ் லூசி என்ற நண்பருக்காக வரைந்தது என்றும் ஹெர்பர்ட் குறித்துவைத்தார்.

இந்த ஒரு பத்தியைப் பிடித்துக்கொண்டுதான் 1952-ல் ஜேம்ஸ் லீஸ்-மில்ன் என்ற ஆய்வாளர், லூசி குடும்பத்தின் சார்ல்கோட் மாளிகையில் இருந்த செப்புத் தகட்டுப் படங்கள் இரண்டை அடையாளம் கண்டார். ஒன்று ஹெர்பர்ட், மற்றது லூசி. அவற்றை அளவுகோலாக வைத்துக் கலை வரலாற்றாளர் ராய் ஸ்ட்ராங் மற்ற முழு உருவப் படங்களையும் லார்கினுக்கு உரியவை என்று நிறுவினார். அந்த ஹெர்பர்ட் படத்தைப் பாருங்கள்: சின்ன நீள்வட்டம், யோசனையில் ஆழ்ந்த உயிருள்ள முகம். முதலில் சொன்னேனே ஆதாரம் என்று, அது இதுதான். நண்பருக்குத் தருகிற படத்தில் முகம் வேண்டும். கூடத்தில் தொங்கி, வருகிறவர்களை வாய் பிளக்க வைக்கும் படத்தில் உடுப்பு வேண்டும். லார்கின் இரண்டையும் அறிந்தே செய்திருக்கிறார்.

ஹெர்பர்ட் படத்தின் கதை அதோடு நிற்கவில்லை. ஒரு சீமாட்டி லார்கினிடம் இன்னொரு நகல் வாங்கி, அதை ஐசக் ஆலிவர் என்ற நுண்ணோவியரிடம் கொடுத்துச் சின்னதாக வரையச் சொல்லி, தங்கத்தில் பதித்து மார்புக்குள் மறைத்து அணிந்துகொண்டார். கணவருக்கு அது தெரிந்து, அரண்மனைக்கு அருகிலேயே ஆட்களோடு ஹெர்பர்ட்டை வெட்ட வந்துவிட்டார். ஒரு படத்துக்கு அன்று இருந்த சக்தி அவ்வளவு. இதே ஐசக் ஆலிவரின் நுண்ணோவியம் ஒன்று இந்தியாவரை வந்தது. ஜேம்ஸ் அரசரின் தூதராக 1615-ல் வந்த சர் தாமஸ் ரோ அதை ஜஹாங்கீரிடம் காட்ட, என் ஓவியர்கள் இதே போல வரைவார்கள் என்று பாதுஷா சவால் விட்டார். நகல்களோடு கலந்து வைத்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காட்டியபோது, தன் படம் எது என்று கண்டுபிடிக்கச் சற்றுத் திணறியதாக ரோவே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

டார்செட்டுக்குத் திரும்புவோம். 1613-ல் லார்கின் அவர் தம்பி எட்வர்டையும் வரைந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தத் தம்பி, கின்லாஸ் பிரபு எட்வர்ட் புரூஸோடு நெதர்லாந்தில் பெர்கன்-ஆப்-ஸூம் ஊருக்கு அருகே வாள்சண்டை போட்டார். சட்டையோடு மட்டும், கணுக்கால் அளவு தண்ணீர் நின்ற புல்வெளியில். புரூஸ் செத்தார், எட்வர்ட் ஒரு விரலை இழந்தார். பளபளக்கும் படங்களில் நிற்கும் இந்த இளைஞர்களின் இடுப்பில் தொங்கிய வாள் வெறும் அலங்காரம் இல்லை.

அண்ணன் அழிந்தது வாளால் இல்லை, செலவால். இதைச் சொல்ல நமக்கு மிகச் சிறந்த சாட்சி ஒருவர் இருக்கிறார்: அவருடைய மனைவி ஆன் கிளிஃபோர்ட். இந்தப் படத்தைப் பற்றி யார் கேட்டாலும் நான் கடைசியில் வந்து நிற்பது இந்தப் பெண்ணிடம்தான்.

ஆன், கம்பர்லாந்து பிரபுவின் ஒரே வாரிசு. 1605-ல் அப்பா இறந்தபோது வடக்கே இருந்த கோட்டைகளையும் நிலங்களையும் தன் தம்பிக்கு எழுதிவைத்துவிட்டு, மகளுக்கு 15,000 பவுண்டு ரொக்கம் ஒதுக்கினார். நிலம் சட்டப்படி தனக்கே உரியது என்று ஆனும் அவர் அம்மாவும் வழக்குப் போட்டார்கள். கணவருக்கோ ரொக்கம் வேண்டும். குதிரையேறி ஈட்டிப் போட்டி, அரண்மனை ஆடல் நாடகம், சேவல் சண்டை, குதிரைப் பந்தயம், நோலில் நூறு பேருக்கு மேல் சாப்பிடும் பந்தி என்று கை வழியாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பந்தியின் பெயர்ப்பட்டியலும் மிஞ்சியிருக்கிறது. யார் எந்த மேஜையில் என்று வரிசையாக எழுதிய அந்தக் காகிதத்தில், சலவைப் பெண்களின் மேஜையில் கிரேஸ் ராபின்சன் என்ற கறுப்பினப் பெண்ணின் பெயரும் இருக்கிறது. படத்தில் அவ்வளவு வெண்மையாக நிற்கும் லினன் துணிகளுக்குப் பின்னால் அந்த மேஜையின் கைகள் இருந்தன.

1616 மே மாதம் ஆன் எழுதிய நாட்குறிப்பின் சாரம் இது: என் கணவர் லண்டனில் இருக்கிறார், சேவல் சண்டைக்கும் நாடகத்துக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் போகிறார், உலகமே அவரைப் புகழ்கிறது; நான் இங்கே கனத்த மனத்தோடு, பாலைவனத்து ஆந்தையைப் போல இருக்கிறேன். அதே மாதம், இன்னும் இரண்டு வயது நிறையாத மகள் மார்கரெட்டை லண்டனுக்கு அனுப்பச் சொல்லிக் கணவரிடமிருந்து கடிதம் வருகிறது. நிலத்தை விட்டுக்கொடுக்க வைக்கத்தான் குழந்தையைப் பிரிக்கிறார் என்று அவருக்குத் தெரியும். அழுதுகொண்டே அனுப்பினார், கையெழுத்து மட்டும் போடவில்லை. அந்த மாதமே அவருடைய அம்மாவும் இறந்துபோனார்.

1617 ஜனவரியில் அரசரே கூப்பிட்டார். அறையில் இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கணவனும் மனைவியும் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட, வழக்கைத் தன்னிடம் விட்டுவிடும்படி வற்புறுத்தினார். டார்செட் சம்மதித்தார். ஆன், உயிரோடு இருக்கும்வரை வடக்கே இருந்த வெஸ்ட்மோர்லண்ட் நிலத்தை எந்த நிபந்தனைக்கும் விட மாட்டேன் என்றார். அப்போது அவருக்கு 27 வயதுகூட ஆகவில்லை. அரசர் கடும் கோபம் கொண்டார். தீர்ப்பு சித்தப்பா பக்கம் போனது. டார்செட்டுக்கு 17,000 பவுண்டு நஷ்டஈடு என்று முடிவானது. ஜாபிதா எடுத்த ஆண்டும் இதே 1617 என்பதை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு கையில் மனைவியின் கோட்டைகளுக்குப் பேரம், மறு கையில் வெள்ளிச் சரிகைச் சட்டைக்குக் கணக்கு.

அந்தப் பணமும் போதவில்லை. நோல் மாளிகையையே ஹென்றி ஸ்மித் என்ற லண்டன் பணக்காரருக்கு விற்றுவிட்டு, அதிலேயே வாடகைக்கு இருந்தார். 1624 மார்ச் 28-ல், 35 வயதில், டார்செட் இறந்தார். ஆண் பிள்ளைகள் குழந்தையாகவே போய்விட்டதால் பட்டமும் கடனும் தம்பி எட்வர்டுக்குப் போயின.

ஒரு நியாயமும் சொல்லிவிட வேண்டும். அவரைக் கெட்டவர் என்று ஒரு வார்த்தையில் ஒதுக்க ஆன் விடவில்லை. பின்னாளில் எழுதியபோது, இனிய குணம் உள்ளவர், கல்விமான்களையும் போர்வீரர்களையும் நேசித்து, துன்பத்தில் இருந்தவர்களுக்கு அள்ளிக் கொடுத்தே சொத்தைக் குறைத்துக்கொண்டார், இளவரசர் ஹென்றிக்கு மிகவும் பிரியமானவர் என்று பதிவு செய்தார். கவிஞர் ஜான் டன்னுக்கு லண்டன் செயின்ட் டன்ஸ்டன் தேவாலயப் பொறுப்பு கிடைத்ததும் இவர் மூலம்தான்.

ஆன் காத்திருந்தார். சித்தப்பா இறந்து, 1643-ல் சித்தப்பா மகனும் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தபோது, வடக்கு நிலங்கள் எல்லாம் அவர் கைக்கு வந்தன. ஸ்கிப்டன், ஆப்பிள்பி, புரூம் என்று இடிந்து கிடந்த கோட்டைகளை ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்பினார். சாதாரணக் கருப்புக் கம்பளித் துணியே உடுத்தினார். 1676-ல், 86 வயதில், புரூம் கோட்டையில் இறந்தார்.

அவர் 1646 வாக்கில் வரையச் சொன்ன பெரிய முப்பகுதி ஓவியம் இன்று கெண்டல் நகரத்தில் இருக்கிறது. இடப்பக்கம் 15 வயது ஆன், நடுவில் பெற்றோரும் இறந்துபோன இரண்டு சகோதரர்களும், வலப்பக்கம் கருப்பு உடையில் 56 வயது ஆன். அவருக்குப் பின்னால் புத்தக அடுக்கு. அதே பகுதியின் சுவரில் அவருடைய இரண்டு கணவர்களும் ஆளுக்கொரு சின்னச் சட்டத்துக்குள் இருக்கிறார்கள். அதில் ஒருவர் டார்செட்.